தாயின் உடற்பருமனும் மகன், மகளின் வளர்சிதை மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவுறும்போதே தாயின் எடை மிகுந்திருந்தால், பிறக்கும் குழந்தைக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்புச் சேர்தல் ஆகியவை வருவதற்கான வாய்ப்புக் கூடுகிறது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் பாதிப்பு மகனுக்கும் மகளுக்கும் ஒரே வடிவில், ஒரே வயதில் வெளிப்படுவதில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கீழே உள்ள பதில்கள் அதைப் பற்றியவை.

எந்த அளவு எடையை உடற்பருமன் என்கிறார்கள்?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ. இது 25-ஐத் தொட்டால் அதிக எடை, 30-ஐத் தொட்டால் உடற்பருமன். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 77 கிலோவில் இந்த எல்லை வருகிறது. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், 23, 27.5 ஆகிய அளவுகளிலேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் பரிந்துரைத்தது. ஆய்வுகளில் பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுவது கர்ப்பத்துக்கு முந்தைய எடை. கர்ப்பத்தின்போது கூடும் எடை வேறு கணக்கு.

கருப்பைக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

தாயின் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் தாண்டாது. விஷயம் முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது. தாய்க்குச் சர்க்கரை கூடும்போது குழந்தைக்கும் கூடுகிறது. அதைச் சமாளிக்கத் தாயின் இன்சுலின் துணைக்கு வராது என்பதால், குழந்தையின் கணையமே கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. கருவில் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோனாகவும் வேலை செய்வதால், மிகையான இன்சுலினால் குழந்தையின் உடலில் மிகையான கொழுப்புப் படிகிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே முன்வைத்த விளக்கம் இது; இன்றுவரை நிற்கிறது.

இதன் சாட்சியைப் பிரசவ அறையில் நேரிலேயே பார்க்கலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த குளுக்கோஸ் அந்த நொடியே நின்றுவிடுகிறது. குழந்தையின் உடலில் ஏற்கெனவே சுரந்த இன்சுலின் மட்டும் நிற்பதில்லை. ஆகவே சில மணி நேரத்துக்குள் குழந்தையின் சர்க்கரை சரியக்கூடும். தாய்க்கு நீரிழிவு இருந்தாலோ, குழந்தை நான்கு கிலோவைத் தாண்டிக் கொழுகொழுவென்று பிறந்தாலோ, செவிலியர் அதன் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, சில மணி நேர இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதிப்பது இதற்காகத்தான். பார்ப்பவர்கள் ஆரோக்கியமான குழந்தை என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது மருத்துவர் மட்டும் கவலைப்படுவதற்குக் காரணம் அந்தத் துளியில் இருக்கிறது.

சர்க்கரை நோய் இல்லாத, ஆனால் உடல் பருத்த தாயிடமும் வேறு சில மாற்றங்கள் உண்டு. அவருடைய இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதலாக இருக்கும்; நஞ்சுக்கொடி அதைக் கொழுப்பு அமிலங்களாக உடைத்துக் குழந்தைக்கு அனுப்பும். கொழுப்புச் செல்களில் சுரந்து, வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும் லெப்டின் ஹார்மோனும் கூடியிருக்கும். உடல் முழுவதும் மெல்லிய அழற்சி நிலையும் நிலவும். சர்க்கரைச் சோதனை சரியாக இருந்தால் கவலையே இல்லை என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான்.

இது மரபணு விவகாரம்தானே? கருப்பையின் மீது ஏன் பழி போட வேண்டும்?

மிக நியாயமான கேள்வி. பருமனான தாய் தன் மரபணுக்களையும், தன் வீட்டு உணவுப் பழக்கத்தையும் சேர்த்தே குழந்தைக்குக் கொடுக்கிறாள். எது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க, ஒரே தாய்க்கு வெவ்வேறு நிலையில் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிடுவது நல்ல வழி.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பிமா பழங்குடியினரிடம் இப்படி ஓர் ஒப்பீடு நடந்து, 2000-இல் வெளியானது. தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்த பிள்ளையைவிட, வந்தபின் பிறந்த பிள்ளைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3.7 மடங்காக இருந்தது. தந்தைக்கு நீரிழிவு வந்ததற்கு முன்னும் பின்னும் பிறந்த பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. கனடாவின் கியூபெக்கில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்களின் பிள்ளைகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் பிறந்தவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கடுமையான உடற்பருமன் இருந்தது. பின் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. பின் பிறந்தவர்களின் இன்சுலின் செயல்பாடும் மேலாக இருந்தது. தாய் அதே தாய். மாறியது கருப்பையின் சூழல்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பதில் ஒருதலையாகிவிடும். மரபணு வேறுபாடுகளைக் கருவியாகக் கொண்டு காரண காரியத்தைச் சோதிக்கும் ஆய்வுகள், தாயின் எடை குழந்தையின் பிறப்பு எடையைக் கூட்டுகிறது என்பதை உறுதிப்படுத்துகின்றன. ஆனால் பள்ளி வயதில் அந்தப் பிள்ளை குண்டாக இருப்பதற்கு, கருப்பையைவிடத் தாயிடமிருந்து வந்த மரபணுக்களே பெரும் பங்கு வகிக்கின்றன என்று காட்டுகின்றன. கடுமையான உடற்பருமனும் நீரிழிவும் உள்ள தாய்மார்களிடம் கருப்பையின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. சற்றே கூடுதல் எடை கொண்ட தாய்மார்களிடம் அது மிகச் சிறியது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் தேவையில்லாத பயம் பரவுகிறது என்று நான் கருதுகிறேன்.

ஒரே கருப்பையில் ஆணும் பெண்ணும் ஏன் வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்ட வேண்டும்?

நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி கருவிலிருந்து உருவாகிறது. எனவே ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடி எக்ஸ்-ஒய், பெண் குழந்தையின் நஞ்சுக்கொடி எக்ஸ்-எக்ஸ். பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைக்கப்பட்டாலும், அதிலுள்ள சில மரபணுக்கள் அணைக்கப்படாமல் தப்பிவிடுகின்றன. ஊட்டச்சத்து நிலையை உணரும் ஓ.ஜி.டி. என்ற மரபணு அவற்றில் ஒன்று. பெண் நஞ்சுக்கொடியில் அதன் அளவு கூடுதல். தாயின் உடலில் ஏற்படும் அழுத்தத்தைப் பெண் நஞ்சுக்கொடி ஓரளவு தாங்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

வளரும் பாங்கும் வேறு. ஆண் கரு தொடக்கத்திலிருந்தே வேகமாக வளர்கிறது. கிடைப்பதை உடனே உடல் வளர்ச்சியில் போடுகிறது, கையிருப்பு வைத்துக்கொள்வதில்லை. பெண் கரு சற்று நிதானமாக வளர்ந்து, சூழல் மாறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிறக்கும்போதே இந்த வேறுபாட்டை அளக்க முடியும்: சராசரியாக ஆண் குழந்தை எடையில் கூடுதல், தசையும் கூடுதல்; பெண் குழந்தைக்கு எடை குறைவென்றாலும் தோலடிக் கொழுப்பின் பங்கு அதிகம், தொப்புள்கொடி இரத்தத்தில் லெப்டின் அதிகம்.

தாக்கம் எதிர்த்திசையிலும் போகிறது என்பது ஒரு வேடிக்கை. ஆண் கருவைச் சுமக்கும் தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு, சிறிதளவே என்றாலும், கூடுதலாக இருப்பதைப் பல நாட்டுத் தரவுகள் காட்டுகின்றன.

மகன்களிடம் காணப்படுவது என்ன?

விலங்குகளிடமிருந்து தொடங்குவதே நேர்மை. தெளிவான விடைகள் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன. பெண் சுண்டெலிக்குக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியைப் பல வாரங்கள் கொடுத்துப் பருமனாக்கி, கருத்தரிக்கச் செய்கிறார்கள். குட்டிகள் மூன்று வாரத்தில் பால்குடி மறந்ததும் அவற்றுக்குச் சாதாரணத் தீனியே தரப்படுகிறது. வளர்ந்தபின் ஒரு நாள் அவற்றைப் பட்டினி போட்டு, குளுக்கோஸ் ஊசி செலுத்தி, வால் நுனியிலிருந்து 15, 30, 60, 120-ஆம் நிமிடங்களில் ஒவ்வொரு துளி இரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை எவ்வளவு விரைவாக இறங்குகிறது, அதற்கு எவ்வளவு இன்சுலின் செலவாகிறது என்பதே கேள்வி.

பருமனான தாயின் ஆண் குட்டிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் முதலில் தடுமாறுகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் ஓசானின் குழு செய்த ஆய்வுகளில், எட்டு வார வயதிலேயே அத்தகைய ஆண் குட்டிகளின் இதயச் சுவர் தடித்திருந்தது, இன்சுலின் அளவும் உயர்ந்திருந்தது. ஆனால் அவற்றின் உடல் எடை மற்றக் குட்டிகளின் எடையைப் போலவே இருந்தது. எடை பார்க்கும் தராசு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. வயது ஏற ஏற, கல்லீரல் கொழுப்பும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்கின்றன.

அப்படியானால் மகள்கள் தப்பிவிடுகிறார்களா?

தப்புவதில்லை, தாமதமாகிறது என்பதே பொருத்தமான சொல். பெண் விலங்குகளில் ஈஸ்ட்ரோஜன் இன்சுலின் செயல்பாட்டைக் காக்கிறது, கொழுப்பை வயிற்று உறுப்புகளைச் சுற்றிச் சேரவிடாமல் தோலுக்கடியில் சேர வைக்கிறது. இந்தக் காப்பு இருக்கும்வரை சோதனை முடிவுகள் நன்றாகவே தோன்றும். சூலகத்தை நீக்கினாலோ, வளர்ந்தபின் அதே பெண் குட்டிக்கும் கொழுப்புத் தீனி கொடுத்தாலோ, உள்ளே மறைந்திருந்த பலவீனம் வெளியே வருகிறது. சில ஆய்வுகளில் ஆண் குட்டிகளைவிடப் பெண் குட்டிகளே கூடுதலாகக் கொழுப்புச் சேர்த்தும் இருக்கின்றன. ஆக, ஆணுக்குக் கேடு, பெண்ணுக்குக் காப்பு என்று இரண்டு சொற்களில் முடித்துவிடக் கூடாது.

இந்த விஷயத்தில் அறிவியலுக்கே ஒரு குறை உண்டு. பெண் விலங்கின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்று சொல்லி, நெடுங்காலம் பல ஆய்வகங்கள் ஆண் குட்டிகளை மட்டுமே சோதித்தன. பாலினத்தை உயிரியல் காரணியாகக் கருதி ஆய்வை வடிவமைக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 முதல்தான் நிதி விண்ணப்பங்களில் எதிர்பார்க்கத் தொடங்கின. ஆண்களிடம் பாதிப்பு அதிகம் என்ற எண்ணத்தில் ஒரு பகுதி, ஆண்களை அதிகம் சோதித்ததால் வந்ததாகவும் இருக்கலாம்.

மனிதர்களிடமும் இதே வேறுபாடு தெரிகிறதா?

எலியில் உள்ள அளவுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்த 37,709 பேரின் பதிவுகளைத் தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின்போது உடற்பருமன் இருந்த தாய்மார்களின் பிள்ளைகள் உரிய வயதுக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதலாக இருந்தது. மகன், மகள் இரு தரப்புக்கும் இது கவலைக்குரிய செய்திதான்.

பாலின வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேறு சில துணுக்குகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே எடையுள்ள சிறுவனையும் சிறுமியையும் ஒப்பிட்டால், சிறுமியின் உடலே இன்சுலினுக்குச் சற்றுக் குறைவாகச் செவிசாய்க்கிறது. பருவமடையும் காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் விரிகிறது. தாய் பருமனாக இருந்தால் மகள் சற்று முன்னதாகவே பூப்படையும் போக்கும் பல ஆய்வுகளில் காணப்படுகிறது. முன்னதாகப் பூப்படைவது பிற்கால நீரிழிவோடு தொடர்புள்ளது. பருவமடைந்தபின் நிலைமை தலைகீழாகிறது: ஆண்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் கூடுகின்றன, நடுவயதில் நீரிழிவும் மாரடைப்பும் அவர்களையே முந்திக்கொண்டு தாக்குகின்றன, பெண்களின் காப்பு மாதவிடாய் நின்றபின் தளர்கிறது. தாயின் எடை ஏற்படுத்திய பலவீனம், இந்த இயல்பான பாதைகளின் மேல்தான் ஏறிக்கொள்கிறது. எந்த வயதில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, மகன் மோசம் என்றோ மகள் மோசம் என்றோ விடை மாறுவதற்குக் காரணம் இதுவே.

பிள்ளைக்குப் பசி அதிகமாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கக்கூடும். பசியையும் நிறைவையும் உணர்த்தும் நரம்பிழைகள் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ளன. பருமனான தாய்க்குப் பிறந்த எலிக்குட்டிகளில் நிறைவை உணர்த்தும் இழைகள் குறைவாகவே பின்னப்படுகின்றன. அவை கூடுதலாகத் தின்கின்றன. ஆனால் எலியில் இந்தப் பின்னல் பிறந்தபின், பால்குடிக்கும் நாட்களில் நடக்கிறது. மனிதரில் பெரும்பகுதி பிறப்பதற்கு முன்பே, கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் முடிந்துவிடுகிறது. எலி ஆய்வின் காலக் கணக்கை அப்படியே குழந்தைக்குப் பொருத்தக் கூடாது.

தந்தையின் எடைக்குப் பங்கே இல்லையா?

உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனையில், கொழுப்புத் தீனியால் பருத்த ஆண் எலிகளைச் சாதாரணப் பெண் எலிகளோடு இணைத்தபோது, பிறந்த பெண் குட்டிகளின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சரியாக வேலை செய்யவில்லை. கருப்பைக்குள் நுழையாத தந்தை, விந்தணு வழியாகவே மகளின் கணையத்தைத் தொட்டிருக்கிறார். விந்தணுவிலும் சினைமுட்டையிலும் மரபணு எழுத்து மாறாமல், அது எப்போது படிக்கப்பட வேண்டும் என்ற குறிப்புகள் மட்டும் மாறக்கூடும். எபிஜெனெடிக்ஸ் என்று சொல்லப்படுவது அதைத்தான். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியரில் எடை பற்றிய அறிவுரை மனைவிக்கு மட்டுமே வழங்கப்படுவது, அறிவியல்படியும் சரியல்ல.

கர்ப்பமான பிறகு எடையைக் குறைக்கலாமா?

கூடாது; கூடும் எடையைக் கட்டுக்குள் வைக்கலாம். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009-இல் வகுத்த அளவுகளின்படி, இயல்பான எடையுள்ளவர் கர்ப்பகாலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரையும், பி.எம்.ஐ. 30-க்கு மேல் உள்ளவர் 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம்.

கர்ப்பத்தின்போது தொடங்கும் முயற்சியின் பலன் ஏமாற்றம் தரும் அளவுக்குச் சிறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2,212 பெண்களிடமும், பிரிட்டனில் 1,555 பெண்களிடமும் உணவு, நடைப்பயிற்சி ஆலோசனை தந்து பெரிய சோதனைகள் நடந்தன. முதலாவதில் நான்கு கிலோவைத் தாண்டிப் பிறந்த குழந்தைகள் குறைந்தாலும், கர்ப்ப வாரத்துக்கு மிஞ்சிய எடையோடு பிறப்பது குறையவில்லை. இரண்டாவதில் தாயின் எடை சற்றுக் குறைவாகக் கூடினாலும், கர்ப்பகால நீரிழிவு குறையவில்லை. நஞ்சுக்கொடி முதல் மூன்று மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. பெண்கள் இந்தச் சோதனைகளில் சேர்ந்தது அதன்பின் என்பது ஒரு விளக்கம். எனவே கருத்தரிப்பதற்கு முந்தைய மாதங்களே அதிகம் பயன் தரும் காலம்.

இதனால் கர்ப்பகால உடற்பயிற்சி வீண் என்று ஆகிவிடாது. ஓசானின் குழு 2017-இல் காட்டியபடி, பருமனான கர்ப்பிணிச் சுண்டெலிகள் ஓடுபட்டையில் ஓடியபோது அவற்றின் எடை குறையாவிட்டாலும், ஆண் குட்டிகளின் இன்சுலின் செயல்பாடு இயல்புக்குத் திரும்பியது.

மருந்து, அறுவை சிகிச்சை ஆகியவற்றால் பயன் உண்டா?

நீரிழிவு இல்லாத பருமனான கர்ப்பிணிகளுக்கு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் சோதனையில் குழந்தையின் பிறப்பு எடை மாறவில்லை. அந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதால், மருத்துவர் காரணத்தோடு எழுதிக்கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டும். எடைக் குறைப்புக்காக இப்போது பரவலாகப் போடப்படும் செமாக்ளுடைடு ஊசியைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் காத்திருந்து கருத்தரிப்பதே வழக்கமான அறிவுரை. அறுவைக்குப் பின் கர்ப்பகால நீரிழிவு குறைகிறது என்றாலும், எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே ஊட்டச்சத்துக் கண்காணிப்பு கட்டாயம்.

குழந்தை பிறந்துவிட்டது. இனி என்ன செய்ய முடியும்?

தாய்ப்பால் கொடுப்பது பிற்கால உடற்பருமனை ஓரளவு குறைப்பதோடு தொடர்புள்ளது. உடல் பருத்த தாய்மார்களுக்குப் பால் சுரப்பு தொடங்க ஓரிரு நாள் தாமதமாவது உண்டு. அந்த இடைவெளியில் மனம் தளர்ந்து புட்டிப்பாலுக்கு மாறிவிடாமல் இருக்க, பிரசவத்துக்கு முன்பே ஒரு பாலூட்டல் ஆலோசகரிடம் பேசிவைப்பது நல்லது.

அதன்பின் கவனிக்க வேண்டியது, பிள்ளையின் பி.எம்.ஐ. கோட்டின் திருப்பம். முதல் வயதுக்குப் பின் எல்லாக் குழந்தைகளுக்கும் அது இறங்கி, ஏறத்தாழ ஆறு வயதில் மீண்டும் ஏறத் தொடங்கும். ஐந்து வயதுக்கு முன்பே ஏறத் தொடங்கினால் பிற்கால உடற்பருமனுக்கு அது முன்னறிவிப்பு. குழந்தை நல மருத்துவர் ஒவ்வொரு முறையும் உயரத்தையும் எடையையும் அட்டையில் புள்ளியாக வைப்பது இதைப் பிடிக்கத்தான். மகனிடம் இடுப்புச் சுற்றளவையும் இரத்த அழுத்தத்தையும், மகளிடம் பூப்படையும் வயதையும், பின்னர் மாதவிடாய் ஒழுங்கையும் கூடுதலாகக் கவனிப்பேன் என்பது என் கருத்து.

மகள் நாளை தாயாகும்போது இது தொடருமா?

தொடரும் வாய்ப்பு உள்ளது. கருவில் இருக்கும் மகளின் சூலகத்தில் அவளுடைய சினைமுட்டைகள் ஏற்கெனவே உருவாகிவிடுகின்றன. பாட்டியின் உடல்நிலை பேரக்குழந்தைக்கான முட்டையையும் சூழ்ந்திருக்கிறது. எலிகளில் அமெரிக்க ஆய்வாளர் டிரேசி பேலின் குழு 2011-இல் கண்டது இன்னும் விசித்திரம்: கொழுப்புத் தீனி தின்ற எலியின் மூன்றாம் தலைமுறையில் உடல் அளவு கூடியது பெண் குட்டிகளிடம் மட்டும், அதுவும் தந்தை வழியாக வந்தவற்றிடம் மட்டும். மனிதரில் இதற்கு இணையான சான்று கிடைக்க நூறாண்டுக் கணக்கான பதிவுகள் வேண்டும். நடைமுறையில் செய்யக்கூடியது எளிது: கர்ப்பகால நீரிழிவோ உடற்பருமனோ இருந்த தாயின் மகள், தான் கருவுற்றதும் முதல் பரிசோதனையிலேயே அதை மருத்துவரிடம் சொல்லி, வழக்கமான 24 முதல் 28 வாரச் சர்க்கரைச் சோதனைக்குக் காத்திராமல் தொடக்கத்திலேயே ஒரு முறை சோதிக்கக் கேட்கலாம்.